துரைக்குப் பத்து மூச்சு

பூனையும் தானும் ஒன்றாக மூச்சு விடுவதைத் தச்சன் முதன்முதலில் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடத்துச் சோபாவில் அவன் சாய்ந்திருந்தான். எதிரே மனைவியின் மடியில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் இழுத்தால் அதன் விலா உப்பியது, அவன் விட்டால் அமுங்கியது. தற்செயலாக இருக்கும் என்று மூச்சை அடக்கிப் பார்த்தான். பூனையின் விலாவும் அப்படியே நின்றது.

"சும்மா இருங்க, எண்ணிட்டிருக்கேன்," என்றாள் மனைவி, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இருபது மூச்சு. நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. ராஜா மாதிரி தூங்குறான் பாருங்க."

எண்ணியதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் எழுதாமல் விடமாட்டாள்.

பூனைக்கு ஆஸ்துமா. அதற்குத் துரை என்று பெயர் வைத்தவனே தச்சன்தான், அதுவும் எரிச்சலில். அது அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே துரையாகிவிட்டது. துரைக்கு ஆகாது என்று முதலில் கொசுவத்தி போனது. பிறகு ஊதுவத்தி, முகப்பவுடர், தரைவிரிப்பு, ஜன்னல் திரை. மலஜலத் தட்டில் மணலுக்குப் பதில் தூசி கிளப்பாத காகிதக் குருணை வந்தது. கடைசியில் தச்சனின் முறை. பட்டறையிலிருந்து வந்தால் கொல்லைப்புறக் கதவருகே உடுப்பைக் கழற்றி வாளியில் போட்டு, தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றிய பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். அப்படியும் முடியில் மரத்தூள் ஒட்டியிருக்கிறது என்று மூன்று மாதமாக அவனுக்குக் கூடத்தில் படுக்கை. அவன் தலையணைக்கு அவள் நைலான் உறை போட, அதில் துரை படுத்துக்கொண்டது. கட்டிலோ அவனே இழைத்து, கல்யாணத்துக்கென்று செய்த கட்டில்.

பெண்ணுக்காவது சக்களத்தி என்று சொல்லித் திட்ட ஒரு சொல் இருக்கிறது. இவன் இதை என்னவென்று சொல்லி, யாரிடம் போய் அழுவது? கேட்டால் ஊரே சிரிக்கும். ஒரு பூனை மேல் பொறாமையா என்பார்கள். ஆமாம், பொறாமைதான். இருபது வருஷமாக மரத்தூளை விழுங்கி அவனுக்கும் நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணியிருக்கிறாளா அவள்?

அந்த வாரம் பட்டறையில் தேக்குப் பலகை இழைக்கும்போது அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்ட, மேசையைப் பிடித்துக் குனிந்து, கழுத்தை நீட்டி இருமினான். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கொல்லைக் கதவிலேயே நின்றாள்.

"நாலரை மணிக்குத் துரைக்கு ஒரே இருமல். கழுத்தை நீட்டிக்கிட்டு, பாவம்! நேத்து சரியாக் குளிச்சீங்களா நீங்க?"

"எனக்குந்தான் இருமல்."

"அதான் மருந்து வாங்கி வெச்சிருக்கேனே. குடிக்கமாட்டீங்க, என்னைச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து கூப்பிட்டாள். கூட்டமாம், வரத் தாமதமாகுமாம். "ஆறு மணிக்கு இன்ஹேலர் கொடுத்துடுங்க. நல்லாக் குலுக்கி, குழாயில மாட்டி, முகமூடியை மூக்கோட அழுத்திப் பிடிங்க. குழாய் மேல பச்சை மடல் இருக்கில்ல, அது ஒரு தடவை ஆடினா ஒரு மூச்சு. பத்து எண்ணணும். குளிச்சுட்டு, ஏங்க! முதல்ல குளிச்சுட்டு!"

அவன் குளிக்கவில்லை.

உடுப்போடு உள்ளே போனான். உடம்பெல்லாம் தேக்குத் தூள், தலையில், காதில், சட்டைப்பையில். படுக்கையறைக் கதவைச் சாத்தினான். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் கட்டிலில் மல்லாந்து படுத்தான். தலையணையில் பூனை வாடை. துரை எழுந்து அலமாரியோரம் போய் உட்கார்ந்து அவனையே பார்த்தது.

"என்னடா பாக்குற? என் கட்டில்."

எழுந்து சட்டையைக் கழற்றி உதறினான். ஒரு தடவை உதறியதும் மனசுக்கு என்னவோ சுகமாக இருந்தது. இன்னொரு தடவை உதறினான். ஜன்னல் வெளிச்சத்தில் தூள் பொன்னிறமாக மிதந்து, மெதுவாக, மிக மெதுவாக அலமாரிப் பக்கம் இறங்கியது.

துரை குனிந்தது. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, தரையோடு தரையாக. முதலில் இருமல். பிறகு நீளமாக ஒரு விசில். இந்தத் தடவை அது அவனோடு சேர்ந்து மூச்சு விடவில்லை. அவன் நெஞ்சு லேசாக இருந்தது, கீச்சுச் சத்தம்கூட இல்லை. இன்ஹேலர் அலமாரித் தட்டில், கைக்கெட்டும் தூரத்தில். எடுத்துவிடலாம், இதோ எடுக்கிறேன் என்று நினைத்தான். கை எழவில்லை. எழ வைக்கவுமில்லை.

விசில் நின்றது.

வாசல் கதவு திறக்கும் சத்தம். செருப்பு. பை. அவள் குரல்.

"துரைக்கு மருந்து கொடுத்தீங்களா?"

அவள் உள்ளே வந்தாள், தூளைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. பாய்ந்து பூனையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, இன்ஹேலரைக் குலுக்கி, முகமூடியை அழுத்தினாள்.

"செல்லம், இழுடா. இழு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

"ஒண்ணு," என்றாள் அவள்.

கண்ணைத் திறந்தான். பச்சை மடல் ஆடி அடங்கியது. பூனையின் விலா அசையவில்லை. முகமூடிக்கு மேலே ஒரு கண் திறந்திருந்தது. திறந்த கண்ணின் மேலேயே மரத்தூள், மெல்லிசாக, ஒரே சீராகப் படிந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

அவன் மூச்சை விட்டு, மறுபடி இழுத்தான். மடல் ஆடியது.

"ரெண்டு. அப்படித்தான், என் ராஜா."

அவன் மூச்சை அடக்கினான். மடல் நின்றது.

"ஐயோ! நின்னுபோச்சே! துரை, துரை!"

அவள் கதறியதில் தாங்காமல் இழுத்தான். மடல் ஆடியது. "மூணு!" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். இழுத்தது நெஞ்சுக்கு வரவில்லை. தொண்டை வரை வந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இன்னும் பலமாக இழுத்தான்.

"நாலு."

அது செத்துப்போச்சு, விடு என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லக் காற்று இல்லை. மண்டியிட்டான். கட்டில் சட்டத்தைப் பிடித்தான். கழுத்து தானாக நீண்டது.

"அஞ்சு. ஆறு. நல்லா இழுக்கிறான்!"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மடியில் பூனை விறைத்துக்கொண்டிருந்தது. தூள் மூடிய கண் அவனையே பார்த்தது. அதற்குக் கீழே, பச்சை மடல் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.