சிவப்பு வயர்

மெஷின் நின்ற பிறகும் அதன் இரும்பு மேசை சிலிர்த்துக்கொண்டிருந்தது. ரெய்னோ புறங்கையால் லேசாகத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருக்க வேண்டிய இரும்பு பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. அழுத்திப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. வயசாகிவிட்டது, நரம்பு தளர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரப்பர் பூட்ஸைத் தரையில் தேய்த்தார்.

எழுபது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் மர அறுவை மெஷின் அது. டுலூத் நகரத்தில் ஒருவன் தன் மாமாவின் பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தான். சும்மாவே எடுத்துப் போகச் சொன்னான். வயர் அரையடி மட்டும் மிச்சம் இருந்தது, வெட்டுவாயில் கோடாலி பட்ட தடம்.

"ஏம்ப்பா, இதை யாரு இப்படி வெட்டினது?"

"அவசரத்துல வெட்டினது," என்றான் அவன், மெஷினைப் பார்க்காமல். "மாமாவும் அத்தையும் ஒரே நாள்ல போய்ட்டாங்க. எடுத்துட்டுப் போங்க, இது எனக்கு வேணாம்."

ரெய்னோ முப்பது வருஷம் மிச்சிகன் வடகரையில் வீடு வீடாக வயரிங் செய்தவர். இன்னொரு ஆளைக் கேட்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. மெஷினுக்கு மூன்று லைன் வேண்டும், வீட்டுக்கு வருவது இரண்டுதான். மூன்றாவதுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மோட்டாரைச் சுழலவிட்டு அதிலிருந்து எடுத்தார். அப்புறம் அந்த அரையடி மிச்சத்தோடு நிறத்துக்கு நிறம் சேர்த்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, செய்த லைனுக்கு நீலம். மிஞ்சியது சாம்பல் நிறம். அதுதான் எர்த்தாக இருக்கும் என்று வீட்டு எர்த் வயரான பச்சையோடு முறுக்கிவிட்டார். மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. உறுமல் கொஞ்சம் அதிகம்தான். பழைய மோட்டார் அப்படித்தான் இருக்கும்.

மெஷின் ஓட ஆரம்பித்த ஒரு வாரமாக நாய் மட்டும் பட்டறை இருக்கும் நிலவறைக்கு வரவில்லை. மூன்றாவது படியில் நின்று, கழுத்து மயிர் சிலிர்க்க, மெஷினையே பார்க்கும்.

இன்று சனிக்கிழமை, சவுனா என்கிற ஆவிக்குளியல் நாள். பட்டறைக்குப் பக்கத்து அறையில்தான் அடுப்பு. மனைவி ஹெல்வி ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். சூட்டுக்கல்லில் அவள் தண்ணீர் ஊற்றும் சீற்றமும், உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தின் பச்சை வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்தன. ஜன்னலில் மாலைப் பனி ஏறிக்கொண்டிருந்தது. ரெய்னோ பூட்ஸைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார், துண்டைக் கட்டிக்கொண்டார். அந்தச் சிலிர்ப்பு மனதை விட்டுப் போகவில்லை. படிக்கு அடியில் இருந்த மோட்டாரை இன்னும் நிறுத்தவில்லை. ஒரு நிமிஷம், மெஷினின் மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

"ரெய்னோ!" உள்ளிருந்து குரல். "அந்த ஜெர்மன்காரியோட குடும்பம் நடத்தப் போறியா, இல்ல குளிக்க வர்றியா?"

"வர்றேன், வர்றேன். அவளுக்கு உடம்பு சரியில்ல."

"எனக்கு முதுகு தேய்க்க ஆளில்ல. நீ அவளுக்கு வைத்தியம் பாரு."

சிரித்துக்கொண்டே குனிந்தார். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியின் மூடியைத் தள்ளினார். உள்ளே பழைய கிரீஸ் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் சாம்பலும் மோட்டார் சுருளுக்குப் போயிருந்தன. சிவப்பு மட்டும் அங்கே போகவில்லை. அது ஒரு போல்ட்டுக்கு அடியில், மெஷினின் உடம்போடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தது.

அந்தக் காலத்து ஜெர்மன்காரன் எர்த்துக்குச் சிவப்பு போட்டிருக்கிறான். அதில்தான் அவர் கரண்டை ஏற்றியிருக்கிறார்.

அது புத்தியில் உறைத்த அதே நொடியில், பழக்க தோஷத்தில், அவர் இடது கை எழுந்திருப்பதற்காக மெஷினின் இரும்புக் கைச்சக்கரத்தைப் பிடித்திருந்தது. வெறுங்கால். ஈரத் தரை.

கை மூடிக்கொண்டது. திறக்கச் சொன்னார். திறக்கவில்லை. தோள் வரை ஒரே முறுக்கு. பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. கத்தினார். தொண்டைக்குள்ளேயே நின்றது. நெஞ்சு பாதி மூச்சில் மாட்டிக்கொண்டது. கண் மட்டும் அவருடையது.

கோடாலி ஏன் என்று இப்போது தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு பேர் எப்படி என்பதும்.

வராதே. ஹெல்வி, வராதே.

சவுனாக் கதவு கிறீச்சிட்டது. பளபளத்த இரும்பு மேசையின் விளிம்பில் அவள் பிம்பம் தெரிந்தது. ஆவி பறக்கும் உடம்பு, கையில் சொட்டும் இலைக்கொத்து, வெறுங்கால்கள். ஒவ்வொரு அடிக்கும் சிமெண்டில் ஈரம்.

"எவ்ளோ நேரம் கூப்பிடுறது? இந்த மோட்டார் சத்தத்துல எனக்குக் காதே அடைக்குது."

படிக்கு அடியில் போய் நின்றாள். அந்த மோட்டாரின் பெரிய சுவிட்சுக்கு நேரே. கை உயர்ந்தது.

அதுதான். அதை இழு. கடவுளே, இழுத்துவிடு.

விரல் சுவிட்சில் பட்டது. நின்றது.

"வேணாம்பா. தொட்டா நீ குதிப்ப. முப்பது வருஷமா அதே பாட்டு, என் சுவிட்சைத் தொடாதேன்னு."

கையை இறக்கினாள். மாடிப்படியில் நாய் ஊளையிட்டது.

"ரெய்னோ?"

குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"ஏன் இப்படி நடுங்குற? நெஞ்சு வலியா? என்னைப் பாருப்பா."

அவர் பார்த்தார். அதைத் தவிர அவரால் ஒன்றும் முடியவில்லை. இலைக்கொத்து தரையில் விழுந்தது. ஈரப் பாதங்கள் ஓடி வந்தன. ஒரு சொட்டு நீர் அவர் பிடரியில் விழுந்தது, வெதுவெதுப்பாக. பின்னாலேயே அவள் உள்ளங்கை அவர் வெற்றுத் தோளில் பட்டது.

விரல்கள் மூடிக்கொண்டன. இறுகின. மேசை விளிம்பில் அவள் வாய் திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. இரண்டு முகங்கள் மட்டும் அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. படிக்கு அடியில் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.