மகிமா வாங்கிக் கொடுத்த நெற்றி லைட்டு

நெற்றியில் மாட்டிப் பட்டனை அழுத்தியதும் புது லைட்டு பளிச்சென்று எரிந்தது. எரிந்த வேகத்திலேயே இரண்டு தரம் அணைந்து எரிந்தது. விஜய்ராஜ் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். காலையில்தான் முழுசாகச் சார்ஜ் ஏற்றியிருந்தான். நான்கு நீலப் புள்ளிகளும் அப்படியே இருந்தன. பழையதைப் போல இடுப்பில் தொங்கும் பேட்டரிப் பெட்டியும் இல்லை, அங்கிருந்து தலைக்குப் போகும் ஒயரும் இல்லை. லூஸ் கனெக்‌ஷன் என்று பழி போடக்கூட அதில் ஒன்றும் கிடையாது.

"என்ன தம்பி, புதுசே மக்கர் பண்ணுதா?" தோட்டக்காரர் கலீல் ரஹ்மான் கப்பியில் கயிற்றைக் கோத்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல பாய். கை பட்டிருக்கும்."

கை படவில்லை. இந்த ஆறு மாதத்தில் அவனுக்குப் பொய் நன்றாகவே பழகிவிட்டது.

ஓடைப்பட்டியில் மத்தியானம் மூன்று மணி. திராட்சைப் பந்தலின் மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மருந்தடித்த கந்தக வாடை மூக்கில் ஏறியது. கிணறு மட்டும் அந்த வெயிலில் சேராமல் எண்பது அடிக்குக் கறுப்பாகக் கிடந்தது. அடியில் குழாய் நுனியிலுள்ள ஃபுட்வால்வைச் சேறு அடைத்து, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. போன தடவையும் இதே வேலைக்குத்தான் வந்தார்கள், விஜய்ராஜும் அவன் அக்காள் வீட்டுக்காரர் ஜோயலும். ஜோயல் இறங்கினார். பிணமாகத்தான் மேலே வந்தார். அதற்குப் பிறகு இந்தக் கிணற்றில் இறங்க ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. விஜய்ராஜும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தில்தான் வந்தான்.

கிணற்று வேலையில் பேச்சு உதவாது. அடியில் இருப்பவன் கத்தினால் சத்தம் பாறையில் மோதி மோதிக் குழம்பி, மேலே வரும்போது வெறும் இரைச்சலாகிவிடும். அதனால் லைட்டில்தான் பேச்சு. இரண்டு தரம் அணைத்துப் போட்டால் 'இழு' என்று அர்த்தம். ஆனால் ஜோயலின் பழைய லைட்டுக்கு ஒயர் விட்டுப்போயிருந்தது. அது தன்பாட்டுக்கே அணையும், எரியும். ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும். அன்றைக்கும் அடியில் அணைந்து எரிந்தது. இரண்டு தரம். மறுபடி இரண்டு தரம். விஜய்ராஜ் பார்த்தான். "தலையில ஒரு தட்டுத் தட்டுங்க மச்சான்" என்று கத்திவிட்டுச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஒரே இடத்தில் அசையாமல் நின்று எரிந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து, கால் மணி நேரம் செல்போனில் மூழ்கிப்போனான்.

ஜோயல் இறங்கியதற்கு முந்தின நாள் கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தது. புகை அடியிலேயே தங்கியிருந்தது. அதில்தான் மூச்சு முட்டிச் செத்தார். விசாரிக்க வந்தவர்களிடம், "லைட்டு அணஞ்சே போச்சு சார், எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான். அக்காள் மகிமாவிடமும் அதையேதான் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், தேனியில் கடை கடையாக ஏறி இறங்கி இந்த லைட்டை வாங்கி வந்தாள்.

"அந்த ஓட்ட லைட்டுதானடா அவுகளக் கொன்னுச்சு. நீயாவது நல்லதா மாட்டிட்டுப் போ. இது லேசுல அணையாதுன்னு கடையில சொன்னாக."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டான். 

கலீல் ரஹ்மான் வாளியில் மெழுகுவத்தி ஏற்றி அடிவரை இறக்கிப் பார்த்தார். அணையவில்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது. இடுப்பில் கயிறு இறுக, பாறையில் காலை ஊன்றி ஊன்றி விஜய்ராஜ் இறங்கினான். இருபது அடியில் பந்தலின் சலசலப்பு நின்று, நாற்பது அடியில் ஈரக் கல்லின் வாடையோடு பழைய டீசல் நாற்றமும் கலந்து வர, அதற்கும் கீழே தண்ணீர் சொட்டும் சத்தமும் அவனுடைய மூச்சும் மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டன. பழைய லைட்டின் மஞ்சள் வெளிச்சம் காலடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் விழும். இந்த வெள்ளை வெளிச்சம் எதையும் விட்டுவைக்கவில்லை. பாசி, வெடி வைத்த துளைகள், கல்லிடுக்கில் செத்துக் கிடந்த புறா எல்லாவற்றையும் காட்டியது.

அடியில் முழங்கால் அளவு சேறு. வால்வைச் சுத்தம் செய்து முடித்து நிமிர்ந்தான்.

எதிர்ப்பாறையில் ஒரு கைத்தடம்.

காய்ந்த சேறு. ஐந்து விரலும் பதிந்திருந்தன. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கு மேல் விரல்கள் வழுக்கிய நான்கு கோடுகள். இரண்டு ஆள் உயரம் வரை ஏறி, சறுக்கிக் கீழே வந்து, மறுபடி ஏறியிருந்தன. பாறை முழுக்க. லைட்டு பேட்டரிப் பெட்டியோடு கழன்று விழுந்து அசையாமல் எரிந்துகொண்டிருந்த அந்தக் கால் மணி நேரமும் மச்சான் இருட்டில் ஏறிப் பார்த்திருக்கிறார். மேலே அவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில்.

விஜய்ராஜ் வெளிச்சத்தை உயர்த்தினான்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த தடம் காய்ந்திருக்கவில்லை.

அதிலிருந்து நீர் சொட்டியது. அதற்கு மேலே, சற்று முன் ஒன்றும் இல்லாத இடத்தில், இன்னொன்று. ஈரமாக. அதற்கும் மேலே ஒன்று.

அவன் பட்டனைத் தொடவில்லை. லைட்டு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

கயிறு இறுகியது.

கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மேலே போனான். கூடவே பாறையில் ஈரத் தடங்கள். வலது. இடது. வலது. டீசல் நாற்றம் விடவில்லை.

"பாத்தேன் மச்சான்." வாய் தானாகப் பேசியது. "அணஞ்சு எரிஞ்சதப் பாத்தேன். லூஸ் கனெக்‌ஷன்னு நெனச்சேன். அக்காட்ட பொய் சொல்லிட்டேன். சத்தியமா இன்னிக்கே சொல்லிர்றேன்."

கயிறு நிற்கவில்லை. வேகமும் கூடவில்லை.

விளிம்பு நெருங்கியது. வெயில் முகத்தில் அடித்தது. கலீல் ரஹ்மானின் குரல் கேட்டது. ஆனால் பக்கத்தில் இல்லை. தள்ளி, பந்தலுக்கு அந்தப் பக்கம், மோட்டார் ரூமிலிருந்து, போனில் மனைவியிடம்.

"ஆமா மதீனா, தம்பி இன்னும் கீழதான் இருக்கான். இன்னும் லைட்டப் போட்டுக் காட்டல. இங்கன சுவிட்சப் பாத்துட்டு இப்பப் போறேன்."

விஜய்ராஜ் தலையைத் தூக்கினான்.

கயிற்றில் இரண்டு கைகள். முழங்கை வரை ஈரச் சேறு. விரல் நுனிகளில் நகமே இல்லை, தேய்ந்த சதை மட்டும். பட்டப்பகல் வெயில் அவற்றின் மேல் பளீரென்று விழுந்திருந்தது. ஒரு கை விட்டு ஒரு கை, ஒரு கை விட்டு ஒரு கை, அவை பொறுமையாக அவனை இழுத்துக்கொண்டிருந்தன.