வெறும் எண்ணெய்

முதல் கூண்டு எலியின் ஈரல் மஞ்சளாக இருந்தது.

இருக்கக் கூடாது. இரண்டாம் கூண்டுக்குப் பூச்சிமருந்து. மூன்றாம் கூண்டுக்கு அதே மருந்தோடு ஈரலைக் காக்கும் வைட்டமின். இரண்டையும் எண்ணெயில் கரைத்துப் புகட்டுவதால், முதல் கூண்டுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எண்ணெய் மட்டும். மூன்று மாதமாக அவள்தான் புகட்டினாள். ஆய்வகமே அவளை எலியம்மா என்றுதான் கூப்பிடும்.

மின்விசிறி கடகடக்க, ஈர மரத்தூளின் நாற்றம் தொண்டையில் ஏற, கூண்டுகளுக்குள் நகங்கள் கம்பியைச் சுரண்டும் சத்தம் முதுகுக்குப் பின்னால் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க, அடுத்த எலியை அறுத்தாள். மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள். மூன்றாம் கூண்டு எலிகளின் ஈரல்தான் ஓரளவு சிவப்பாக இருந்தது.

முதல் கூண்டுக்கான எண்ணெய்க் கேனைத் திறந்து முகர்ந்தாள். அழுகிய பூண்டு வாடை, பூச்சிமருந்தின் வாடை, லேசாக அடித்தது.

லீவில் போயிருந்த ஆராய்ச்சி மாணவனைப் போனில் பிடித்தாள். அவன் மென்று விழுங்கினான். மூன்று வாரம் முன்பு மருந்துக் கேன் ஒழுகியதாம். கைக்குக் கிடைத்த எண்ணெய்க் கேனிலேயே மருந்தைக் கலந்துவிட்டானாம்.

"லேபிள் மாத்த மறந்துட்டேன்க்கா. எலிதானே, மறுபடியும் முதல்லேருந்து செஞ்சிடலாம்."

அவள் போனை வைத்தாள். சுத்தமான எண்ணெய் வீணாகிறதே என்று அந்தக் கேனிலிருந்து வாராவாரம் ஒரு பாட்டில் வீட்டுச் சமையலுக்கு அவள் கொண்டுபோனது யாருக்கும் தெரியாது. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான்.

கண்ணில் காமாலை தெரிகிறதா என்று பார்க்கக் கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு ஓடினாள். கண்கள் வெள்ளையாகவே இருந்தன. அவளும் அதே எண்ணெயில்தான் சாப்பிட்டாள். ஆனால் முடி கொட்டுகிறதென்று, ஆய்வில் மிஞ்சிய வைட்டமினைத் தினமும் விழுங்கி வந்தாள்.

அவள் மூன்றாம் கூண்டு.

மகள் பத்து நாளாகச் சோர்வு என்றாள், பசியில்லை என்றாள். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாய் என்று திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்தது. அதன்பின் முகம்கொடுக்காத மகளைப் போனில் அழைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் எடுக்கவில்லை.

பேருந்து. சிக்னல். மறுபடியும் சிக்னல். மூன்று மாடிப் படி. சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. திருப்பிப் பிடித்தாள். நுழைந்தது.

சமையலறையில் எண்ணெய் பொரியும் சத்தம்.

"இன்னைக்குத்தான்மா கொஞ்சம் பசிக்குது," என்றாள் மகள், அடுப்பைப் பார்த்தபடி. "உனக்கும் ஒரு முட்டை போடவா?"

சிரித்துக்கொண்டே திரும்பினாள். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தது.

கண்ணில் வெள்ளையே இல்லை.