படகு நிற்காத துறை

படகு நிற்காது. வேலையின் சூட்சுமமே அதுதான்.

அந்த விஸ்கான்சின் ஏரியைச் சுற்றிலும் கோடை மாளிகைகள். மாளிகைக்கு ஒரு மரத்துறை, துறைக்கு ஒரு தபால் பெட்டி. ஓடுகிற படகிலிருந்து துறையில் குதித்து, பெட்டியில் தபாலைத் திணித்து, படகின் பின்முனை கடந்துபோவதற்குள் மறுபடி தாவி ஏறிவிட வேண்டும். தபால் போடும் பிரிட்டா மழையிலும் தாவுவாள், காற்றிலும் தாவுவாள். ஒருநாளும் தவறியதில்லை. வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கி வந்த சிகாகோக்காரர்கள் கைதட்டுவார்கள்.

ஜூலையில் ஒரு மழைக் காலை. லிண்டன் மாளிகையின் துறை. தபால் பெட்டிக்கு முன்னால் குடையும் கையுமாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நிற்கக் கூடாத இடம். குதித்தவள் ஒரு கணம் தடுமாறினாள்... அடுத்த கணம் ஏரிக்குள் இருந்தாள்.

தலையைத் தூக்கியபோது முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள். மழை விழுகிற ஏரியின் நிறம். நன்றாகப் பயந்திருந்தன.

"அடி கிடி பட்டுச்சா?"

"துறையில எதுக்குக் கம்பம் மாதிரி நிக்கிறீங்க?"

"பேப்பர் வாங்க வந்தேன்..."

"அப்ப பெட்டி எதுக்கு, அழகுக்கா?" தண்ணீருக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்த தபால் கட்டை அவனிடம் நீட்டினாள். "பிடிங்க. நனையல."

அவன் பெயர் எமெட். மாளிகையைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி. சிகாகோ பீர் ஆலை முதலாளி ஒருவர் விக்டோரியா காலத்தில் கட்டிய வீடு. இப்போது பார்வையாளர்களுக்கானது. கொக்கிகளில் வைக்கோல் தொப்பிகள் தொங்கும். சாப்பாட்டு மேசையில் தட்டுகள் பரப்பியபடியே இருக்கும், வீட்டுக்காரர்கள் ஏரியில் நீந்திவிட்டு இதோ வந்துவிடுவார்கள் என்பதுபோல. எதையும் தொடக் கூடாது. எந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது.

மறுநாளும் துறைக்கு வந்தான். இந்த முறை ஓரமாக நின்றான். படகு கடக்கிற நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேச முடியும்.

"மாடியில ஒரு வயலின் இருக்கு. தந்தியே இல்ல" என்றான்.

அவள் பதில் மறுநாள்தான் வந்தது. "அப்ப யாருக்காக வெச்சிருக்கீங்க?"

அதற்கு மறுநாள் அவன் சொன்னான்: "இதுவரைக்கும் யாரும் கேக்கல."

இப்படியே போயிற்று கோடை. ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு பகல், ஓர் இரவு... அவளுக்கு அது போதுமாக இருந்தது. மாளிகைக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை. துறையிலிருந்து மேலே ஏறும் கல்படிகளை மட்டும் பார்ப்பாள். உச்சியில், லிண்டன் மரங்களுக்கு நடுவே, வெள்ளை வராந்தா கனவில் வருவதுபோல் மிதக்கும்.

ஆகஸ்டில் ஒருநாள், படகில் ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டினாள். "நீதானாம்மா அந்த நனைஞ்ச கோழி? மாளிகையில அந்தப் பையன் நடிச்சே காட்டினான். சிரிச்சு வயிறே வலிச்சிடுச்சு."

படகே சிரித்தது. பிரிட்டாவும் சிரித்தாள். காது மடல் எரிந்தது.

கேப்டன் வெர்ன் திசைச் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊருக்கே தெரியும் பொண்ணே. உனக்குத்தான் தெரியாது."

தட்டுகளைப் பார்த்துப் பார்வையாளர்கள் கொட்டாவி விட்டால் எமெட் அந்தக் கதையை எடுப்பானாம். கைகளைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டுவானாம். நான் ஒரு வாக்கியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், அவன் என்னை வந்தவர்களுக்கெல்லாம் விற்றிருக்கிறான் என்று நினைத்தாள்.

அதன் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி, தபால், தாவல். அவ்வளவுதான். "பிரிட்டா, ஒரு நிமிஷம்..." என்றான் ஒருநாள். படகுக்கு ஏது நிமிஷம்?

செப்டம்பரில் தபால் ஓட்டம் முடிந்தது. மாளிகையில் கணப்பு வசதி கிடையாது. குளிர் வந்தால் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திப் பூட்டிவிடுவார்கள். எமெட் மில்வாக்கிக்குப் போய்விடுவான். கடைசி ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர்களை மாளிகைத் துறையில் இறக்கித் திரும்ப ஏற்றிச் செல்லும் படகின் கடைசிச் சுற்று. பிரிட்டா டிக்கெட் வாங்கிப் படகில் உட்கார்ந்தாள்.

"என் மூஞ்சிக்கு நேரா அந்தக் கதையைச் சொல்றானான்னு பாக்கணும்" என்றாள் வெர்னிடம்.

முதல் முறையாகக் கல்படிகளில் ஏறினாள். கூட்டத்தின் கடைசியில் அவளைப் பார்த்ததும், தொப்பிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எமெட்டுக்குப் பேச்சு அறுந்தது. எப்படியோ சாப்பாட்டு அறை வரைக்கும் வந்து சேர்ந்தான். அங்கே ஒரு தடித்த மனிதர், "அந்தக் கோழிக் கதையைச் சொல்லு தம்பி. இவ கேட்டதில்ல" என்று மனைவியைக் காட்டினார்.

பிரிட்டா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சொல்றேன்" என்றான். "ஆனா இத்தனை நாளும் தப்பாத்தான் சொல்லிட்டிருந்தேன். அவ விழுந்ததுக்குக் காரணம் நான். வழியில நின்னேன். தண்ணிக்குள்ள போனப்பவும் அவ கை மட்டும் மேலேயே இருந்துச்சு... தபால்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. அதைச் சொன்னா நீங்க சிரிக்க மாட்டீங்க. அதனால விட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்புறம் தினமும் பேப்பர் வாங்கப் போனேன். நான் பேப்பரே படிக்கிறதில்ல." அவன் குரல் இறங்கியது. "அவளை எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்றதுக்கு ஒரு படகு நேரம் பத்தல."

கீழே ஏரியில் படகின் சங்கு ஊதியது. தடித்தவரை அவர் மனைவி முழங்கையால் இடித்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் படியிறங்கினார்கள். பிரிட்டா மட்டும் வராந்தாவில் நின்றாள். இரண்டாம் சங்கும் ஊதியது.

"படகு போயிடும்" என்றான் எமெட்.

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"எப்படிப் போவ?"

"கரையோரமா நடந்து. நீயும்தான் வர்ற. வழியில தண்ணில தள்ளுனாலும் தள்ளுவேன்."

படகு விலகியது. மெல்லிய தூறல் ஏரியின் மேல் நடந்து வந்தது. எமெட் வராந்தா நாற்காலி ஒன்றின் மேலிருந்த வெள்ளைத் துணியை உருவினான். அவள் தயங்கி, பிறகு உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணைத் தப்பாத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றாள், மழையைப் பார்த்தபடி. "வழியை மறிச்சதால விழுந்தேன்னு... உன்னைச் சுத்திப் போக நிறைய இடம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் விழுந்த?"

"நீ குடையைத் தூக்கின. நான் உன் கண்ணைப் பாத்துட்டேன்."