மூக்குக்குள் ஈரம்

காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஆனாலும் விமானத்தின் ரேடார் திரையில் நேர் எதிரே ஒரு சிவப்புத் திட்டு.

"சிவப்புன்னா பெருமழை, சுத்திப் போகணும். இது எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்புதுக்கா," என்றான் தம்பி. துணை விமானி. "கேப்டன் என் கண்ணுல கோளாறுங்கிறார். சாயங்காலம் நிஜ மழைக்குள்ள போறோம். எந்தச் சிவப்பு நிஜம்னு தெரியாம எப்படி ஓட்டுறது?"

"விமானத்தோட மூக்குல தண்ணி கோத்திருக்கும். ரேடாருக்கு ஈரம்தான் தெரியும்," என்றாள் அக்கா. ரேடார் பழுது பார்ப்பது அவள் வேலை.

"அப்ப ஆவி பிடிக்க வச்சுடு." சிரித்துக்கொண்டே விமானி அறைக்கு ஏறிப்போனான்.

விமானத்தின் மூக்குக் கூம்பைத் தூக்கி நிறுத்தியதும், எண்ணெயும் ரப்பரும் கலந்த விமானக் கொட்டகை வாசனையை ஒதுக்கிக்கொண்டு, நாள்கணக்கில் பல் துலக்காத வாயிலிருந்து வருவதுபோல ஒரு வாடை வெதுவெதுப்பாக வந்து அவள் முகத்தில் படிந்தது. உள்ளே ரேடாரின் தட்டு இருந்தது. ஓடும்போது இடமும் வலமுமாகத் திரும்பி மழையைத் தேடும் தட்டு. அதன்மேலும் சுவரெங்கும் வெண்மஞ்சளாக ஒரு படலம், காய்ச்சல்காரன் நாக்கில் படிவதுபோல. துணியால் இழுத்தால் நூல் நூலாக நீண்டு, அறுந்து, மணிக்கட்டில் சுருண்டது.

மூடிவிடலாம். ஆனால் பறக்கப்போவது தம்பி. துடைத்தாள்.

ஓர் இழை தெறித்து உதட்டில் விழுந்தது. தோளில் தேய்த்துக்கொண்டாள். உப்புக் கரித்தது.

கூம்பை மூடி, விமானத்தை வெட்டவெளிக்கு இழுத்து நிறுத்தினார்கள். ரேடார் ஓடும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது. அவள் விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய் நின்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"எதிர்ல யாரும் இல்லையேக்கா?"

"இல்ல. போடு."

கொஞ்ச நேரம் இரைச்சல்.

"சுத்தம். சிவப்பு போயிடுச்சு. எங்க அக்கா எங்க அக்காதான்."

மூச்சு விட்டாள். மைக்கின் பஞ்சில் அதே வாடை.

பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாள்.

"இரு. ஓரத்துல ஒண்ணு வருது. நகருது."

நின்றாள்.

"நின்னுடுச்சு."

மறுபக்கம் ஓரடி வைத்தாள்.

"இப்ப அந்தப் பக்கம் போகுது."

ரேடாருக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். அவள் பின்னால் இருந்தாள்.

நாக்கால் பல்லைத் தடவினாள். வழுவழுப்பு. கன்னத்தின் உள்ளேயும். துப்பினாள். நீண்டது. அறுபடவில்லை.

"என்னக்கா சத்தம்? இரு, இறங்கி வர்றேன்."

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கு தானாகத் திரும்பியது. இடம். வலம். இடம். ஏணியில் அவன் கால் பட்டது.

நாக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றது.