ஜூலை இருபத்தாறில் ஐந்து பேர்

1939 ஆகஸ்டில் ஒரு காலை, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர் வரை நடந்தே வந்த ஒரு பெண், பாண்டுரங்கனின் வீட்டு வாசலில் நின்றாள். பெயர் பாஞ்சாலை. ஊர், மலைமேல் அத்திக்கொல்லை. கணவன் அருணகிரி இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

பாண்டுரங்கன் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் பொய்ச் சாட்சிகளையே கேட்டிருந்ததால், உண்மை எதிரே வந்து நின்றால் அது அவருக்குச் சற்று விசித்திரமாகத் தெரியும். அவரோடு எப்போதும் இருப்பவர் பிலிப்ராஜ். நாற்பது வயது, சொந்தமாகப் போட்டோ ஸ்டூடியோ. துப்பறிவதில் தீராத ஆசை. இதுவரை தாம் படம் பிடித்த பிணங்கள் எல்லாம் இயற்கையாகவே இறந்தவை என்பது அவருடைய மனக்குறை.

"இன்னாம்மா சங்கதி?" என்றார் பாண்டுரங்கன்.

"எங்க வூட்டுக்காரரு தேன்பாறையில தேன் எடுக்க எறங்குனாருங்க. வுயுந்து செத்துட்டாரு. என் தம்பி லட்சுமணந்தான் மேல இருந்து கயித்த அறுத்துட்டான்னு புட்சினு போய்ட்டாங்க. தூக்குல போட்ருவாங்களாம். ஒருத்தர மண்ணுல வச்சிட்டேன். இன்னொருத்தனையும் வச்சிட்டு நான் யாருக்குச் சோறாக்கறதுங்க?"

"கயித்தைப் புடிச்சது உன் தம்பி இல்லையா?"

"அன்னிக்கு அவன் மலையிலயே இல்லீங்க. அடிவாரத்துல ஆரோக்கியநாதன் நெலத்துல ஏரோட்டப் போயிருந்தான். அவரு பொஞ்சாதிக்கு வலி கண்டுதுன்னு மருத்துவச்சிய இட்டாந்து, கொயந்த பொறக்குற வரிக்கும் வாசல்லயே குந்தினு இருந்தான்."

"அப்போ யார் புடிச்சாங்க?"

"தெரியலைங்க. நான் சாமைக் கொல்லையில களை எடுத்துனு இருந்தேன்."

பிலிப்ராஜ் ஏற்கெனவே கேமராவின் கால்களை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் சப்-ஜெயிலுக்குப் போனார்கள். லட்சுமணன் எழுந்து கும்பிட்டான். பாண்டுரங்கன் அவன் கைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். கலப்பை பிடித்த காய்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் கேட்டது அவ்வளவுதான். பிலிப்ராஜ் தயாரித்து வந்த பதினான்கு கேள்விகள் வீணாயின.

அடிவாரத்து ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் வழக்கை ஒரே மூச்சில் முடித்தார்.

"மலையில கயித்தை மச்சான்தான் பிடிக்கணும். அக்கா தாலி அறுந்து போறதை எந்தத் தம்பி விரும்புவான்னு அப்படி ஒரு கட்டு. பங்காளி தொட்டா ஊரை விட்டே தள்ளிடுவாங்க. ஆக, பிடிச்சவன் லட்சுமணன். சாவு ஜூலை இருபத்தாறு, சர்க்கார் புஸ்தகத்துல இருக்கு. அன்னிக்கு மத்தியானம் அவன் தேன்பாறையிலிருந்து கயித்தைத் தூக்கிட்டு வந்ததைச் சந்தைக்கு வந்தவங்க பத்து பேர் பார்த்திருக்காங்க. அறுத்த தடம் தெரியக் கூடாதுன்னு கயித்தைக் கொளுத்தியும் விட்டான்."

"சாவு கண்ட கயித்த மச்சான்தான் கொளுத்தணுங்க," என்றாள் கூடவே வந்திருந்த பாஞ்சாலை. "அவரு செத்த அஞ்சா நாளுதான் அதை எடுத்தாந்தான்."

"புஸ்தகம் அப்படிச் சொல்லலையே."

"மருத்துவச்சி என்ன சொல்றா?" என்றார் பாண்டுரங்கன்.

"சின்னக்குழந்தைன்னு பேரு அவளுக்கு. காலையிலேர்ந்து குழந்தை பிறக்கிறவரை லட்சுமணன் தன்னோடதான் இருந்தான்னு சத்தியம் பண்றா. அந்தக் குழந்தை பிறந்ததும் இருபத்தாறாம் தேதிதான். அன்னிக்கு அவன் மலையில இருந்ததுக்குப் பத்து சாட்சி. கிழவி பொய் சொல்றா. ஆரோக்கியநாதனைக் கேட்கலாம்னா, குழந்தையோடு குடும்பமே கோலார் தங்கவயலுக்குப் போயிட்டாங்க."

இந்தத் தருக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் பாண்டுரங்கனுக்கு உறுத்தியது.

கிராமச் சாவடியில் முன்சீப் பிறப்பு இறப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஜூலை 26, புதன்கிழமை: மூன்று பிறப்பு, இரண்டு இறப்பு. பிறப்பில் முதலாவது, ஆரோக்கியநாதன் மகள் மதலேனாள். இறப்பில் முதலாவது, அருணகிரி, பாறையிலிருந்து விழுந்து. குறிப்பில், சிறுத்தை ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிப் போயிற்று.

"ஒரே நாளில் இத்தனையா?" என்றார் பிலிப்ராஜ். "பிரம்மாவும் எமனும் ஒரே வண்டியில வந்து இறங்கியிருக்காங்க."

பாண்டுரங்கன் ஒரு பக்கம் முன்னால் புரட்டினார். ஜூலை 19. ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். ஆகஸ்ட் 2. அந்த மூன்று புதன்கிழமைகளுக்கும் நடுவே மலையில் ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் சாகவுமில்லை.

"புதன்கிழமை இங்கே என்ன விசேஷம்?"

"சந்தைங்க," என்றார் முன்சீப்.

அருணகிரியின் சாவை வந்து சொன்னவன் சிங்காரம், அவனுடைய சித்தப்பன் மகன். சாவடி மரத்தடியில் நாலைந்து மலைக்காரர்களோடு அவனும் உட்கார்ந்திருந்தான். பிலிப்ராஜ் அவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். கையை முழங்கால்மேல் வைக்கச் சொன்னதும் எல்லோரும் வைத்தார்கள். சிங்காரம் மட்டும் துண்டுக்குள் சுற்றிய கைகளை எடுக்கவில்லை. பிறகு அவன் வாயில் இருந்த பீடியைப் பக்கத்திலிருந்தவன்தான் பற்ற வைத்தான்.

"படம் கெட்டுப்போச்சு," என்று வருந்தினார் பிலிப்ராஜ்.

"இல்லை. நல்லா வந்திருக்கும்," என்றார் பாண்டுரங்கன். சற்று நேரம் கழித்து, "உமக்கு ஏன் பிலிப்புன்னு பேர் வச்சாங்க?" என்று கேட்டார்.

"மே ஒண்ணாம் தேதி பிறந்தேன். பிலிப்பு திருநாள். எங்க ஜனங்க பஞ்சாங்கமா பார்ப்பாங்க? பிறந்த நாளுக்கு எந்தப் புனிதரோ, எந்த அர்ச்சியசிஷ்டவரோ, அவர் பேர்தான்."

"ஜூலை இருபத்தாறு யாருடைய நாள்?"

"அன்னம்மாள். அன்னிக்குப் பொண்ணு பிறந்தா அன்னாள்னுதான்..." பிலிப்ராஜ் பாதியில் நின்றார். "மதலேனாள் திருநாள் இருபத்திரண்டு."

அன்று மாலைக்குள் மிஷன் கோயில் சாமியாரின் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை சாவடியில் சப்-இன்ஸ்பெக்டர், முன்சீப், பாஞ்சாலை, சிங்காரம், ஊரார் எல்லோரும் கூடினார்கள்.

"சர்க்கார் புத்தகத்தை மறுக்க இன்னொரு புத்தகம் வேணும்," என்று தொடங்கினார் பாண்டுரங்கன். "மதலேனாள் ஜூலை இருபத்திரண்டு, சனிக்கிழமை பிறந்தாள். மறுநாள் ஞானஸ்நானம். சாமியார் கையெழுத்து இதோ. முன்சீப் ஐயா, நீங்க ஏன் இருபத்தாறுன்னு எழுதினீங்க?"

"எனக்குச் சந்தை அன்னிக்குத்தானே ஆள் வந்து சொல்றாங்க," என்றார் முன்சீப், சற்றும் கலங்காமல். "நான் கேட்ட தேதியைத்தான் நான் எழுத முடியும். கேட்காத தேதியை எழுதினா அது பொய்யாயிடும்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆக, மருத்துவச்சி சொன்னது நிஜம். இருபத்திரண்டாம் தேதி லட்சுமணன் அடிவாரத்துல இருந்தான். அருணகிரியும் புதன்கிழமை சாகலை. பாஞ்சாலை சொல்ற மாதிரி அதுக்கு நாலு நாள் முன்னே, அதே சனிக்கிழமை விழுந்தான். லட்சுமணன் புதன்கிழமை கொண்டுவந்தது சாவு கண்ட கயிறு. மச்சான் அடிவாரத்துல மாட்டிக்கிட்டான், மழை வர்ற மாதிரி இருந்திருக்கும், அருணகிரி காத்திருக்கலை. அப்போ கயித்தை யார் பிடிச்சாங்க?" பாண்டுரங்கன் குரலை உயர்த்தவில்லை. "அறுத்தவன் கையில ஒண்ணும் இருக்காது. பிடிச்சவன் கையில இருக்கும். சிங்காரம், துண்டை எடுப்பா."

சிங்காரம் பல்லால் துண்டை இழுத்து அவிழ்த்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே, நார்க்கயிறு ஓடிய தடம். தோல் இன்னும் மூடவில்லை.

"கயிறு அறலைங்க," என்றான். "கால் வய்க்கிடுச்சி அண்ணனுக்கு. மொத்த கனமும் என் கைல வந்துடுச்சி. நான் பங்காளி, தொடவே கூடாது. வேற ஆளு இல்ல, நீ புட்றான்னு அண்ணந்தான் சொன்னாரு."

"லட்சுமணன்னு ஏன் சொன்னே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான் சொல்லலைங்க. கயித்த யாரு புட்சாங்கன்னு முன்சீப் கேட்டாரு. மச்சான்தான் புடிப்பாங்கன்னு சொன்னேன். அது எங்க ஊர் வயக்கம். நீங்க அதை எயுதிக்கினீங்க. அப்புறம் எனக்கு வாய் வரலைங்க."

முன்சீப் இருபத்தாறை அடித்துவிட்டு, மேலே இருபத்திரண்டு என்று எழுதினார். சப்-இன்ஸ்பெக்டர் லட்சுமணனை விடச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தார். பிலிப்ராஜ் கேமராவின் கறுப்புத் துணியைத் தூக்கினார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பாஞ்சாலை எழுந்து சிங்காரத்தின் எதிரே வந்து நின்றாள். அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் புட்சினு இருந்த?"

"அவரு வுட்றான்னு சொல்ற வரிக்கும், அண்ணி. சொன்ன பெறகும் கொஞ்ச நேரம்."

அவள் கீழே கிடந்த துண்டை எடுத்து உதறினாள். அவன் கைகளில் ஒன்றை முதலில், பிறகு மற்றொன்றை, இறுக்காமல் சுற்றிக் கட்டினாள்.