இரண்டு தட்டு

கெட்டிப்பாறையில் துளைபோட்டு இரும்புக் கயிற்றால் இழுத்த உள்குழாய், வெட்டிய பாறைத்துண்டு இல்லாமல் காலியாக வந்தது. பொடிப்பாறை என்றால் வழியில் நழுவிப் போகும், துளை இயந்திரம் ஓட்டும் குப்புராஜுக்கு அது பழகிய தலைவலிதான். இது நல்ல கெட்டிப் பாறை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். யாரோ துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

அரூர் பக்கத்து அந்தக் கரட்டுக் குன்றை விட்டுவைத்த ஆளே கிடையாது. வெள்ளைக்கல் நரம்புகளுக்குள் பென்சில் கரிபோல் மினுங்கும் மாலிப்டினம் என்ற உலோகத்தை நம்பி முதலில் அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள், தேறாது என்று போனார்கள். பிறகு வந்த ஒரு கம்பெனி பாதிக் குழியில் குழாய்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியது, ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை. விலை ஏறியதும் இப்போது குப்புராஜின் கம்பெனி.

மனைவி யுவராணிக்கு வலி எடுத்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். "எப்பங்க வருவீங்க?" என்று மதியம் போனில் அழுதாள். அவனுக்கும் அழுகை வந்தது.

"கடைசிப் பாறையை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்கண்ணா. குழியை மூடிட்டு நீங்க கெளம்பலாம், ஜீப்பு நிக்குது" என்று சொல்லிவிட்டு, எடுத்த பாறைகளை ஆராயும் வெண்மதி கொட்டகைக்குப் போனாள்.

மறுபடியும் துளைபோட்டான். இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் உதவியாள் மாதேஷ் குழிக்குள் இறங்கும் வெளிக்குழாயருகே நின்று அதில் ஸ்பேனரால் தட்டுவான்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் தூக்கு. தட்டு கேட்டதும் குப்புராஜின் கை யோசிக்காமல் லீவரை இழுக்கும். தூக்கத்தில்கூட இழுக்கிறான் என்று யுவராணி கேலி செய்வாள்.

பொழுது சாய்ந்தது. டீசல் புகையும் ஈரக் கல்பொடியின் வாடையும் தொண்டையில் அப்பியிருக்க, எத்தனை நாள் தூக்கம் பாக்கி என்று தெரியாத கண்களை மூடி மூடித் திறந்தபடி அவன் லீவரில் கைவைத்து நின்றான்.

டங். டங்.

இழுத்தான். இரும்புக் கயிறு விறைத்து மேலேறியது. நல்ல பாரம். பாறை மாட்டிவிட்டது என்று நிம்மதிகூட வந்தது. அப்போதுதான் கரட்டுக்குக் கீழிருந்து டீசல் கேனோடு மாதேஷ் ஏறி வருவதைப் பார்த்தான்.

பிரேக்கைப் போட்டு இன்ஜினை அணைத்தான்.

"மாதேஷு, யாருடா இங்க தட்டுனது?"

"யாருமில்லீங்களேண்ணா. நான் இப்பத்தான் வர்றேன்."

குழிக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு நீட்டி நின்ற வெளிக்குழாயின் அருகே மண்டியிட்டுக் காதை வைத்தான். சில்லென்றிருந்தது. அடியில் தண்ணீர் சொட்டியது. அதற்கும் கீழே, மூச்சு வாங்குவதுபோல் ஏதோ ஒன்று.

டங். டங்.

இந்தமுறை அவசரமாக.

ஸ்பேனரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். நிறுத்து. அவனுக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.

சத்தம் நின்றது. பிரேக் போட்டபடியே இருந்தது. ஆனாலும் கயிறு தளர்ந்தது. குழாய் வாயிலிருந்து பிதுங்கி, வளையம் வளையமாக அவன் காலைச் சுற்றி விழுந்தது. கீழே மாட்டியது யாரும் இழுக்காமலே ஏறி வருகிறது.

ஓட வேண்டும். ஜீப்பு. தர்மபுரி. சட்டைப்பையில் போன் அடித்தது. பழக்கத்தில் கை அதை எடுத்துவிட்டது.

"மாப்ளே, பொண்ணு பொறந்திருக்குதுங்க!" மாமியாரின் குரல்.

மாதேஷ் கேனைப் போட்டுவிட்டு ஓடினான்.

கயிறு திரும்பவும் உள்ளே போனது. வேகமாக. கணுக்காலில் வளையம் இறுகியது. விழுந்தான். மண்ணைப் பற்றினான். பற்றிய மண்ணும் கூடவே வந்தது.

"மாப்ளே? கேக்குதுங்களா?"

குழாயின் வாய் நான்கு விரல் அகலம். ஒரு ஆள் போக முடியாது. அவன் பாதம் விளிம்பில் முட்டியது. கயிறு நிற்கவில்லை.